ஊரேக்கம் எனும் நோயும் ஓர் இலக்கிய ஆய்வாளரும்

நோய்களுக்குப் பிறந்த ஆண்டு உண்டா என்று வினவினால் மருத்துவர்கள் நகைப்பர். மனிதன் தோன்றிய நாள்தொட்டு நோயும் அவனைத் தொடர்ந்தே வருகிறது என்பர். ஆயினும் பிறந்த ஆண்டும் பிறந்த இடமும் பெயர் சூட்டியவர் பெயரும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்த நோய் ஒன்று உண்டு. ஆண்டு 1688. இடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகம். பெயர் சூட்டியவர் யோகான்னஸ் ஹோபர் என்னும் 19 வயது மருத்துவ மாணவர். சூட்டிய பெயர் நாஸ்டால்ஜியா.

இன்று இச்சொல்லைப் பழைய திரைப்பாடலைக் கேட்கையில் உண்டாகும் இனிய நினைவுக்கு வழங்குகிறோம். அது பிறந்த காலத்தில் உயிரைப் பறிக்கவல்ல கொடிய நோயின் பெயர். கிரேக்க மொழியில் ‘நோஸ்டோஸ்’ என்றால் வீடு திரும்புதல்; ‘அல்கோஸ்’ என்றால் வலி. இரண்டையும் பிணைத்து அவர் அச்சொல்லை ஆக்கினார். சுவிட்சர்லாந்து மக்களின் பேச்சு வழக்கில் இந்நோவுக்கு ‘ஹைம்வே’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. ஆனால், குடியானவனும் படைவீரனும் வழங்கிய சொல்லுக்கு அக்கால மருத்துவ நூலில் இடமில்லை. கற்றோர் மொழியில் ஒரு பெயர் கிடைத்த பிறகே கல்லாதவன் பட்ட துன்பம் நோயென ஒப்புக்கொள்ளப்பட்டது! தமிழில் இதனை ஊரேக்கம் என்று வழங்கினால் பொருள் நிரம்பும் என எண்ணுகிறேன்.

ஹோபர் தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டிய நோயாளிகளுள் இருவரை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். நெடுநாள் சோர்ந்திருந்து, பின் காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் கண்டு, சாகும் நிலைக்கு வந்துவிட்டார். அவரைச் சொந்த ஊருக்கு அனுப்ப முடிவாயிற்று. பயண ஏற்பாடுகள் நடைபெறுவதை அறிந்த அளவிலேயே அவர் மூச்சு சீரடைந்தது. ஊர் போய்ச் சேருமுன்னரே நலமடைந்துவிட்டார். மற்றொருத்தி நாட்டுப்புறப் பெண். கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் கிடத்தப்பட்டவள். நினைவு தெளிந்து பார்த்தபொழுது தன்னைச் சுற்றிலும் அறியாத முகங்கள். உணவையும் மருந்தையும் தள்ளிவிட்டு, யார் எதைக் கேட்டாலும் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையே விடையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றோர் அவளை அழைத்துச் சென்றனர். எந்த மருந்துமின்றிச் சில நாள்களில் அவள் எழுந்து நடமாடினாள். நம் பழந்தமிழில் ‘புலம்பு’ என்ற சொல்லுக்குத் தனிமை என்பதே பொருள். அழுது அரற்றுதல் என்பது அதன்வழி வந்த பொருள். அந்தப் பெண்ணிடத்தில் இரு பொருளும் ஒன்றாக நின்றதைக் காண்கிறோம்.

இதனைப் படித்தபொழுது 1991-ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் தோட்டத்திலிருந்து வந்தவர். அதற்குமுன் ஓரிரவேனும் வீட்டைவிட்டு வெளியே தங்கியறியாதவர். மூன்றாம் வாரத்தில் அவர் உணவை நிறுத்திக்கொண்டார். விடுதிக் காப்பாளர் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்; பிறகு சோம்பல் என்று முடிவு கட்டினார். நாங்களும் அவரைக் கேலி செய்தோம். நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் பேருந்து ஏறியவர், கையில் முறுக்கு டின்னோடு முழு மனிதராகத் திரும்பி வந்தார். 300 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மாணவர் கண்டறிந்து எழுதிவைத்த நோயை, உளவியல் பாடம் படித்துக்கொண்டிருந்த நாங்கள் எவரும் அறிந்திருக்கவில்லை.

இந்நோயின் வரலாற்றைத் தேடித் தொகுத்து, அதற்குள் பொதிந்திருந்த பொருளை உலகிற்கு எடுத்துக்காட்டியவர் மருத்துவ வரலாற்றாசிரியர் மட்டுமல்லர். பிரெஞ்சு இலக்கியத் திறனாய்வில் புகழ்பெற்ற பேராசிரியருமாவார். ழான் ஸ்தாரோபின்ஸ்கி என்னும் அப்பெரியார் 1920-இல் ஜெனீவாவில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டு யூதர். போலந்து அந்நாளில் உருசியப் பேரரசின் பிடியில் இருந்தது. யூத மாணவர்க்கு அங்குக் கல்லூரிக் கதவுகள் எளிதில் திறப்பதில்லை. ஆகவே, அவர்கள் முதல் உலகப் போருக்கு முன்னர் ஜெனீவாவுக்கு வந்து மருத்துவம் பயின்று மருத்துவர்களாயினர். மகன் அந்நகரிலேயே பிறந்து, அந்நகரின் மொழியிலேயே கற்று, அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெற்றவர். அப்படியிருந்தும் சுவிட்சர்லாந்தின் குடியுரிமை அவருக்குக் கிட்டியது 1948-இல்தான். நம் வாசகர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் முதலில் இலக்கியம் கற்றார். பின்னர் மருத்துவம் கற்றார். ஜெனீவா மருத்துவமனையில் பணியாற்றினார். 1953 முதல் 1956 வரை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தார். நாடு திரும்பியபின் லோசான் நகரை அடுத்த செரி மனநல மருத்துவமனையில் 1957, 1958-ஆம் ஆண்டுகளில் மருத்துவராக இருந்தார். அதே 1957-இல்தான் ரூசோவைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு நூலும் வெளிவந்தது. பகலில் மனநோயாளிகளின் பேச்சைக் கேட்டவர். இரவில் ரூசோவின் எழுத்தைக் கேட்டவர் என்று சொல்லத் தோன்றுகிறது. அவருடைய மருத்துவப் பட்ட ஆய்வு, மனச்சோர்வு நோய்க்குப் பண்டைக்காலம் முதல் 1900 வரை அளிக்கப்பட்ட மருத்துவத்தின் வரலாறாகும். அது 1960-இல் அச்சாயிற்று. அச்சிட்டது பாசலின் கைகி மருந்து நிறுவனம். மனச்சோர்வுக்கான புதிய மருந்து ஒன்றை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. புது மருந்து விற்கும் நிறுவனமே, பழைய மருந்துகள் பயனற்றுப்போன வரலாற்றையும் அச்சிட்டுக் கொடுத்தது சுவையான செய்திதான்.

நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது அவர் 1966-இல் வெளியிட்ட, ஊரேக்கம் என்னும் கருத்தின் வரலாறு பற்றிய கட்டுரை. அளவில் சிறியது, ஆனால், பின்னர் இத்துறையில் எழுதப்புகுந்தோர் அதனைத் தொடாமல் செல்ல இயலவில்லை. உணர்ச்சி என்பது என்றும் மாறாத ஒன்று, அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் மாறுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். அவர் அதனை மறுக்கிறார். பிறர் மனத்தில் எழுந்த உணர்ச்சி, அதுவும் இறந்துபோன தலைமுறையின் உணர்ச்சி, நமக்குச் சொல் வடிவில்தான் கிடைக்கிறது. அதுமட்டுமன்று, ஒரு சொல் பிறந்தபின் அச்சொல்லே அவ்வுணர்ச்சிக்கு உரமாகவும் அமைந்துவிடுகிறது என்கிறார்.

அந்நாளில் சுவிட்சர்லாந்து ஏழை மலைநாடு. அதன் இளைஞர் அயல்நாட்டு மன்னர்களின் படைகளில் கூலிக்குப் போரிடச் சென்றனர். வாள்வீச்சுக்கு அஞ்சாத அவ்வீரர்கள் சமவெளி நாடுகளில் காரணமின்றி மெலிந்து மடிந்தனர். மூளையின் நரம்பிழைகளில் தாய்நாட்டின் பதிவு ஓயாது அதிர்ந்துகொண்டிருப்பதே காரணம் என்றார் ஹோபர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிச் நகர அறிஞர் ஷாய்க்ட்சர் இதற்கு மறுப்புரைத்தார். தம் நாட்டு வீரர் வீட்டை நினைத்து அழுபவர் என்றால் நாட்டின் மானம் என்னாவது? ஆகவே, அவர் பழியைக் காற்றின்மேல் போட்டார். மலையுச்சியின் மெல்லிய காற்றில் வளர்ந்த உடலைச் சமவெளியின் அடர்ந்த காற்று அழுத்துகிறது, குருதியோட்டம் தடைப்படுகிறது, நோயாளியை உயர்ந்த குன்றிலோ கோபுரத்திலோ தங்கவைத்தால் குணமாகும் என்றார். நகைப்புக்கு இடமான விளக்கம்தான். எனினும், மனத்தின் நோயைச் சொல்ல நாணுகின்றவன் உடலின்மேல் காரணம் தேடுவது அன்றோடு முடிந்துவிட்ட வழக்கமன்று.

1710-இல் பாசலின் பேராசிரியர் சுவிங்கர், ஹோபரின் ஏட்டை மீண்டும் வெளியிட்டார். அதில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்; அது ஓர் இசைக்குறிப்பு. ஆல்ப்சு மலைச்சாரலில் ஆயர்கள் பசுக்களை அழைக்கும் எளிய மெட்டு அது. அயல்நாட்டில் அம்மெட்டைக் கேட்ட சுவிட்சர்லாந்து வீரர் நோயுற்று விழுந்தனர் என்பது அக்காலத்துப் பேச்சு. கலை மருந்தாகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்; கலையே நோய் தருவதாக மருத்துவ நூலில் ஏறியது இவ்வாறுதான்.

இம்மெட்டைப் பற்றி 1768-இல் வெளிவந்த தம் இசை அகராதியில் எழுதியவர் ரூசோ. படைவீரர் நடுவே அதனை இசைப்போருக்கு மரணதண்டனை என்று ஆணையிருந்ததாகவும், கேட்டவர் அழுது, படையைவிட்டு ஓடி, அல்லது உயிர்விட்டதாகவும் அவர் எழுதினார். அதனினும் முக்கியமானது அவர் கண்ட விளக்கம். அயலார் அம்மெட்டைக் கேட்டால் ஒன்றும் நிகழ்வதில்லை. ஆற்றல் மெட்டில் இல்லை; அது கேட்பவனுக்கு மீட்டுத்தரும் பழைய வாழ்விலும், இளமையிலும், இழந்த இன்பங்களிலும் இருக்கிறது. அங்கே இசை இசையாக இயங்குவதில்லை. நினைவூட்டும் குறியாகவே இயங்குகிறது என்பது அவர் கருத்து. ரூசோவும் ஜெனீவாவின் பிள்ளை என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. 1762-இல் அவருடைய நூல்களைப் பாரிசு மட்டுமன்றி அவர் பிறந்த ஜெனீவாவும் எரிக்க ஆணையிட்டது. மறு ஆண்டில் அவரே தம் ஜெனீவாக் குடியுரிமையைத் துறந்தார். அதன்பின் ஊர் ஊராக அலைந்து, தம்மைச் சுற்றிலும் சதி நடப்பதாக அஞ்சி மனம் கலங்கிய அம்மனிதர், ஆயர் மெட்டைக் கேட்டு அழும் வீரனைப் பற்றி எழுதுகையில் யாரை நினைத்து எழுதியிருப்பார்? ஸ்தாரோபின்ஸ்கி தம் வாழ்நாள் முழுவதும் ரூசோவிடம் திரும்பத் திரும்பச் சென்றதன் காரணம் இதில் ஓரளவு விளங்குகிறது.

பிறகு 1798-இல் செர்மானிய மெய்யியலாளர் கான்ட் ஒரு கடினமான உண்மையைச் சொன்னார். ஊரேங்கியவர் ஊருக்குத் திரும்பியதும் ஏமாற்றமடைகின்றனர். எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கின்றனர். உண்மையில் அவர்கள் தேடியது ஊரையன்று, அங்குக் கழித்த தம் இளமையை. அது மீளாது என்றார். என் பாட்டியார் 30 ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டிலுள்ள தம் கிராமத்தைப் பார்த்துவிட்டு வந்து, குளம் சிறுத்துப்போய்விட்டது என்று மட்டும் சொன்னார். நெடுநாள் வரை அதனை மழைக்குறைவைப் பற்றிய செய்தி என்றே எண்ணியிருந்தேன்.

நோயின் பெயர் பரவப்பரவ நோயும் பரவிற்று. நெப்போலியனின் படைகளில் அது பெருந்தொல்லையாயிற்று. அவருடைய படை மருத்துவர் லாரே அதைப்பற்றி விரிவாக எழுதினார். நெடுந்தொலைவு சென்றால் இந்நோய் பற்றும், பற்றினால் இறப்பு நேரும் என்று நூல்களில் படித்தவர், அவ்வச்சத்தினாலேயே நோயுற்றனர் என ஸ்தாரோபின்ஸ்கி எடுத்துக்காட்டுகிறார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. இறந்த உடலை அறுத்துப் பார்க்கும் கலையும் நுண்ணுயிர்களைக் கண்டறியும் கலையும் வளர்ந்தன. ஊரேக்கத்தால் மெலிந்தான் என்று கருதப்பட்டவனின் நுரையீரலில் காசநோய் கண்டனர். ஊரேக்கம் மருத்துவ நூல்களிலிருந்து மெல்ல மறைந்து கவிஞர்களிடம் அடைக்கலம் புகுந்தது.

கவிஞர்களிடம் அது என்னவாயிற்று என்பதை அறிய, அவர் 1987, 1988-ஆம் ஆண்டுகளில் பாரிசில் ஆற்றிய விரிவுரைகளைப் பார்க்கவேண்டும். அவை போதலேர் என்னும் பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றியவை, 1989-இல் நூலாயின. அவற்றில் அவர் மிகுதியும் தங்கி நின்ற கவிதை ‘அன்னம்’. அந்நாளில் பாரிசின் பழைய தெருக்கள் இடித்து நொறுக்கப்பட்டு நகரம் புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. கூண்டிலிருந்து தப்பிய ஓர் அன்னம், நீரற்ற கற்பாதையில் சிறகு தேய நடந்து, வானை நோக்கிக் கழுத்தை நீட்டுகிறது. அதனைக் கண்ட நினைவோடு கவிஞருக்கு, திராய் நகரம் எரிந்தபின் அயலார் கையில் அடிமையான அந்திரோமகி என்னும் அரசி நினைவுக்கு வருகிறாள். பின்னர், பாரிசின் சேற்றில் மெலிந்து இருமி நடக்கும் ஆப்பிரிக்கப் பெண் வருகிறாள். அவள் பனிமூட்டத்திற்கப்பால் தென்னை மரங்களைத் தேடுகிறாள். அக்கவிதை விக்டர் யூகோவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. யூகோ அப்பொழுது அரசியல் காரணத்தால் நாடு நீங்கிக் கடல் நடுவே ஒரு தீவில் வாழ்ந்துவந்தார். ஆயின் போதலேர் நாடு நீங்கியவர் அல்லர். சொந்த ஊரில் இருந்துகொண்டே அவர் அயலவரானார். ஊர்தான் அவரை விட்டு நீங்கியது.

ஸ்தாரோபின்ஸ்கி இக்கவிதையில் தலை குனிந்த உருவங்களைக் கவனிக்கச் சொல்கிறார். கன்னத்தைக் கையில் தாங்கி, தலை சாய்ந்து, எதிரே இல்லாத ஒன்றை நோக்கியிருக்கும் நிலையை ஐரோப்பிய ஓவியர் நெடுங்காலமாக மனச்சோர்வின் அடையாளமாகத் தீட்டிவந்தனர். 1514-இல் செர்மானிய ஓவியர் தியூரர் செப்புத்தகட்டில் செதுக்கிய படம் அதற்குப் பெரும் சான்று. மருத்துவர் தம் ஏட்டில் அறிகுறி என்று எழுதியதை ஓவியர் உடலின் சாய்வாகவும் கவிஞர் சொல்லின் சாய்வாகவும் வடித்தனர். மூன்றையும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் இவர் ஒருவர்.

அந்தத் தென்னை மரங்கள் பற்றி இடையே ஒரு சொல். போதலேர் தம் 20-ஆம் வயதில், 1841-இல், குடும்பத்தாரால் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். கல்கத்தா வரை அவர் போகவில்லை. மொரீசியசு, ரீயூனியன் தீவுகளோடு திரும்பிவிட்டார். அப்பயணத்தையொட்டி ‘மலபார்ப் பெண்ணுக்கு’ என்றொரு கவிதை எழுதினார். மலபார் என்பது அத்தீவுகளில் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரை அக்காலத்தார் குறித்த சொல். அப்பெண் பிரான்சு நாட்டுக்குப் போக விரும்புகிறாள். போனால் குளிரில் நடுங்கி, அழுக்குப் பனிமூட்டத்தில் இல்லாத தென்னைகளைத் தேடி நிற்பாய் என்று கவிஞர் எச்சரிக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பின் ‘அன்னம்’ கவிதையில் அதே தென்னை மரங்கள் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு உரியனவாகத் திரும்பவும் தோன்றுகின்றன. அவளைத் தமிழச்சி என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. நம்மவரிடம் அவ்வழக்கம் சற்று மிகுதி. ஆனால், ஐரோப்பியக் கவிதையில் ஊரேக்கத்தின் பெரும் சின்னமாக நிலைபெற்ற அத்தென்னைகள், கூலியாள்களைச் சுமந்த கப்பல்கள் வந்துபோன ஒரு கடற்பரப்பில் முளைத்தவை என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

1966-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு மீண்டும் வருவோம். அதில் குறிக்கப்பெறும் ஓர் ஆய்வு, கார்ல் யாசுபர்சு 1909-இல் தம் மருத்துவப் பட்டத்திற்காக எழுதியது. ஊரேக்கமும் குற்றமும் பற்றியது அது. நாட்டுப்புறத்துச் சிறுமியர் பிறர் வீடுகளில் குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களுட் சிலர், வேலை முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவர் என்றெண்ணி, அவ்வீட்டுக்குத் தீ வைத்தனர். சிலர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தையையே கொன்றனர். ஹோபரின் ஏட்டில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிடந்த பெண்ணை ஊருக்கு அழைத்துச் செல்லப் பெற்றோர் இருந்தனர். இச்சிறுமியருக்கு வந்து அழைத்துச் செல்வாரில்லை.

கட்டுரையின் இறுதிப் பகுதியில்தான் என் தொழிலைச் சுட்ட இடம் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் மருத்துவமும் உளவியலும் ஊரேக்கம் என்ற பெயரைக் கைவிட்டு, சூழலுக்குப் பொருந்தாமை என்ற பெயரை எடுத்துக்கொண்டன என்கிறார் அவர். பெயர் மாறியதால் பார்வையும் மாறிற்று. ஊரேக்கம் என்று சொன்னபொழுது, அவன் எதனை இழந்தான் என்ற கேள்வி எழுந்தது; அவன் விட்டுவந்த இடத்தை மருத்துவர் திரும்பிப் பார்த்தார். பொருந்தாமை என்று சொல்லும்பொழுது, அவன் வந்துசேர்ந்த இடமே அளவுகோலாகிவிடுகிறது. அந்த இடத்தில் குறையில்லை, வந்தவனிடத்தில்தான் குறை. அவனைத் திருத்த வேண்டும் என்பதே மருத்துவமாகிறது.

இதனை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த அன்று, பள்ளி அலமாரியில் இருந்த பழைய மாணவர் பதிவேடு ஒன்றைத் தேடி எடுத்தேன். பல ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் ஆண்டின் நடுவே வந்து சேர்ந்தான். அவன் குடும்பம் வாழ்ந்த தோட்டம் விற்கப்பட்டு, நகரத்து அடுக்குமாடி வீடொன்றில் குடியேறியிருந்தனர். வகுப்பில் வாய் திறவான். ஓய்வு நேரத்தில் நுழைவாயிலருகே போய் நிற்பான். அவனைப் பற்றி நான் எழுதியிருந்தது ஒரே வரி: புதிய சூழலுக்குப் பொருந்திப் போகும் தன்மை குறைவு, மேற்பார்வை தேவை. பயிற்சிக் கல்லூரி கற்றுத்தந்த சொற்கள். தூய கையெழுத்து. தேதியும் இட்டிருந்தேன்.

ஸ்தாரோபின்ஸ்கி 2012-இல், மனச்சோர்வின் மருத்துவ வரலாற்றையும் ஊரேக்கம் பற்றிய ஆய்வுகளையும் ஒரே நூலாகத் தொகுத்து வெளியிட்டார். முதல் ஆய்வு அச்சாகி 52 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் 98-ஆம் வயதில், தாம் பிறந்த ஜெனீவாவின் ஏரிக்கரையிலேயே உள்ள மோர்சு நகரில் மறைந்தார்.

அந்தச் சிறுவன் இப்பொழுது சரக்குந்து ஓட்டுநர். தன் மகளைச் சேர்க்க நான் தலைமையேற்றிருக்கும் பள்ளிக்கு வந்தபோது அவனை அடையாளம் கண்டுகொண்டேன். பழைய வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தேன். நுழைவாயிலில் நின்று என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். “பஸ்ஸுங்க ஐயா. எங்க தோட்டத்துக்குப் போற பஸ் அந்த வழியாத்தான் போகும். நம்பரைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்,” என்றான். எண்ணையும் சொன்னான்.